மெக்சிகோ நகரில் ட்ராட்ஸ்கி வீடு: எப்படிப் போவது, எந்த வரிசையில் பார்ப்பது

மெக்சிகோ நகரின் கொயோவாகான் பகுதிக்கு வெளிநாட்டுக்காரர்கள் வருவது பெரும்பாலும் ஓவியர் ஃப்ரீடா காலோவின் நீல வீட்டுக்காக. அங்கிருந்து பத்து நிமிட நடையில் இன்னொரு வீடு இருக்கிறது. ரஷ்யப் புரட்சியின் முன்னணித் தலைவர்களில் ஒருவர், செஞ்சேனையைக் கட்டி எழுப்பியவர், லியோன் ட்ராட்ஸ்கி. 1939 மே மாதம் அவர் குடிவந்து, 1940 ஆகஸ்டில் தாக்கப்பட்ட வீடு இது. நீல வீட்டைப் பார்த்துக் களைத்தவர்கள் "இதையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம்" என்று நுழைந்து, அரை மணி நேரத்தில் வெளியே வந்து, "நாலு பழைய அறை, ஒரு சமாதி" என்று முடித்துவிடுகிறார்கள். அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. அறைகளில் விளக்கப் பலகைகள் குறைவு. எங்கே நின்று எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாவிட்டால் வீடு எதுவும் சொல்லாது.

ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும். இந்த வீட்டில் நடந்தது இரண்டு தாக்குதல்கள். முதலாவது இரவில், இருபது பேர் அளவில், எந்திரத் துப்பாக்கிகளோடு. அதற்குப் பிறகு மூன்று மாதத்தில் வீட்டைக் கோட்டையாக மாற்றினார்கள். சுவர், கோபுரம், இரும்புக் கதவு எல்லாம் முதல் தாக்குதலைப் போன்ற இன்னொன்றைத் தடுக்கக் கட்டப்பட்டவை. இரண்டாவது ஆள் பட்டப்பகலில், தெரிந்தவனாக, வாசல் வழியாகவே வந்தான். கீழே சொல்லும் வரிசை இந்த இரண்டையும் கண்ணெதிரே கொண்டுவருவதற்கானது.

போகும் முன் தெரிந்திருக்க வேண்டிய நாள்கள்

ஸ்டாலினால் 1929இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ட்ராட்ஸ்கி துருக்கி, பிரான்ஸ், நார்வே என்று அலைந்தார். கடைசியில் அடைக்கலம் கொடுத்தவர் மெக்சிகோ அதிபர் லாசரோ கார்டெனாஸ். அதற்காகப் பேசியவர் ஃப்ரீடாவின் கணவர், ஓவியர் டியேகோ ரிவேரா. 1937 ஜனவரி 9 அன்று தாம்பிகோ துறைமுகத்தில் ட்ராட்ஸ்கியும் மனைவி நடாலியா செடோவாவும் இறங்கினார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் நீல வீட்டிலேயே தங்கினார்கள். ரிவேராவோடு உறவு முறிந்த பிறகுதான் இந்த வீட்டுக்கு வந்தது.

1940 மே 24, அதிகாலை 4 மணி அளவில் முதல் தாக்குதல். தலைமை தாங்கியவர் இன்னொரு புகழ்பெற்ற மெக்சிகோ ஓவியர், ஸ்டாலின் ஆதரவாளரான தாவித் அல்ஃபாரோ சிகெய்ரோஸ். 1940 ஆகஸ்ட் 20 மாலை இரண்டாவது தாக்குதல். ஆள் ரமோன் மெர்காதேர், ஸ்பெயின்காரன், சோவியத் உளவுத்துறையின் ஏஜென்ட். மறுநாள் மாலை ட்ராட்ஸ்கி மருத்துவமனையில் இறந்தார். வயது 60. இந்த இரண்டு தேதிகள் தெரிந்திருந்தால் வீட்டின் பாதி புரிந்துவிடும்.

நம் பக்கத்துக்கும் இந்த வீட்டுக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. உலகப் போர் நெருங்கிக்கொண்டிருந்த 1939 ஜூலையில், குடிவந்த சில வாரங்களில், இந்தியத் தொழிலாளர்களுக்கு ட்ராட்ஸ்கி ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். இலங்கையில் 1935இல் தொடங்கிய லங்கா சமசமாஜக் கட்சி அவர் வழியில் நின்று, ட்ராட்ஸ்கிய இயக்கத்தின் மிகப் பெரிய கட்சிகளில் ஒன்றாக வளர்ந்தது. அந்தக் கட்சியிலிருந்து வந்த யாழ்ப்பாணத்துக்காரர் எஸ். சி. சி. அந்தோணிப்பிள்ளை சென்னையில் பின்னி மில் தொழிலாளர்களின் சங்கத்தை நடத்தி, 1957இல் வட சென்னையிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் போனார். படிப்பறை மேசையைப் பார்க்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

விசா, நேரம், பணம்

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஏதாவது ஒன்றின் செல்லுபடியாகும் விசா கையில் இருந்தால், இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்கள் மெக்சிகோவுக்குச் சுற்றுலா போகத் தனி விசா எடுக்க வேண்டியதில்லை. விதி மாறக்கூடியது, டிக்கெட் போடும் முன் மெக்சிகோ தூதரகத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அமெரிக்காவிலிருந்து போய் அங்கேயே திரும்புகிறவர்கள், தங்கள் அமெரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்பதையும் பார்க்க வேண்டும்.

அருங்காட்சியகம் செவ்வாய் முதல் ஞாயிறு வரை, காலை 10 முதல் மாலை 5 வரை. திங்கள் விடுமுறை. அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான், ஏனென்றால் நீல வீட்டுக்கும் அன்றுதான் விடுமுறை. இங்கே முன்பதிவு தேவையில்லை, வாசலில் டிக்கெட் வாங்கலாம். கட்டணம் நீல வீட்டோடு ஒப்பிட்டால் சிறு தொகைதான். சில்லறை பேசோ நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள், கார்டை நம்ப வேண்டாம். படம் எடுக்கத் தனிக் கட்டணம் உண்டா என்று கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள். உள்ளே போய்த் திரும்பி வருவது வீண் அலைச்சல்.

குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். காலை 10 மணிக்கே போவது நல்லது, மூன்று காரணங்களுக்காக. அறைகள் குறுகியவை, பத்துப் பேர் கொண்ட ஒரு குழு வந்தாலே படுக்கையறையில் நிற்க இடமில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் மழை கொட்டும், தோட்டம் பார்க்க முடியாது. மூன்றாவது, நீல வீட்டுக்கான டிக்கெட்டை நேரம் குறித்து ஆன்லைனில்தான் வாங்க வேண்டும், சீக்கிரம் தீர்ந்தும் விடும். அதைப் பகல் 12:30 அல்லது 1 மணிக்குப் போட்டுக்கொண்டு இந்த வீட்டை முதலில் முடிப்பதே சரி. காலக்கிரமப்படி நீல வீடுதான் முந்தியது என்று அதைக் காலையில் வைத்தால், அங்குள்ள கூட்டத்தில் நேரம் போய், இங்கே வரும்போது கால் வலிதான் மிஞ்சும்.

வழி

முகவரி: ரியோ சுருபுஸ்கோ 410, கொயோவாகான். நகர மையத்திலிருந்து மெட்ரோ 3ஆம் தடத்தில், யுனிவெர்சிதாத் திசையில் ஏறி, கொயோவாகான் நிலையத்தில் இறங்குங்கள். ஒரு பயணம் 5 பேசோ. அதற்கு ரீசார்ஜ் அட்டை வேண்டும். நிலையக் கவுண்டரில் ஒன்றை வாங்கினால் பல பேர் அதையே மாற்றி மாற்றித் தட்டிப் போகலாம். நெரிசல் நேரத்தில் முன்பக்கப் பெட்டிகள் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒதுக்கப்படும். தடுப்பு வைத்திருப்பதைக் கவனிக்காமல் ஆண்கள் போய் நின்றால் காவலர் திருப்பி அனுப்புவார்.

நிலையத்திலிருந்து சுமார் 20 நிமிட நடை. நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், வந்து இறங்கிய முதல் நாளில் இந்த நடைக்கே மூச்சு வாங்கும். ரியோ சுருபுஸ்கோ என்பது பெயரில்தான் ஆறு. ட்ராட்ஸ்கி காலத்தில் இங்கே ஆறு இருந்தது; இப்போது அதன் மேல் வாகனங்கள் சீறும் பெருஞ்சாலை. எதிர்ப்பக்கத்தில் டாக்சியை விட்டு இறங்கிக் குறுக்கே கடக்க முயலாதீர்கள். நீல வீட்டுப் பக்கமிருந்து வருவதானால், லண்டன், பெர்லின், வியன்னா என்று ஐரோப்பிய நகரப் பெயர் கொண்ட தெருக்களின் வழியே வடகிழக்காக நடந்தால் போதும், அமைதியான குடியிருப்புப் பகுதி.

முதலில் வெளிச்சுவர்

டிக்கெட் வாங்குவதற்கு முன் வீட்டைச் சுற்றிக்கொண்டு வியன்னா தெருப் பக்கம் போங்கள். இன்றைய நுழைவாயில் பெருஞ்சாலைப் பக்கத்தில் பின்னாளில் வந்தது. வீட்டின் பழைய வாசல் இந்தத் தெருவில்தான். மே 24 அதிகாலை போலீஸ், ராணுவ உடையில் வந்தவர்கள் நுழைந்தது இந்தப் பக்கமாகத்தான். உள்ளே காவலில் இருந்த அமெரிக்க இளைஞர் ராபர்ட் ஷெல்டன் ஹார்ட் கதவைத் திறந்துவிட்டார். ஏன் திறந்தார் என்பதில் இன்றுவரை வாதம் உண்டு. போகும்போது தாக்கியவர்கள் அவரையும் கூட்டிப்போனார்கள். ஒரு மாதம் கழித்து, சுண்ணாம்பில் புதைத்த உடலாகத்தான் கிடைத்தார்.

தெருவின் எதிர்ச் சாரியில் நின்று சுவரின் மேல்பகுதியைக் கூர்ந்து பாருங்கள். செங்கல் வைத்து அடைத்த ஜன்னல்களும், மூலையில் துப்பாக்கி நீட்டத் துளை விட்ட காவல் கோபுரமும் தெரியும். இவையெல்லாம் மே மாதத்துக்குப் பிறகு, அமெரிக்கத் தோழர்கள் திரட்டி அனுப்பிய பணத்தில் எழும்பியவை. ஐந்து நிமிடம் போதும். ஆனால் இதைப் பார்க்காமல் உள்ளே போனால், உள்ளே இருக்கும் இரும்புக் கதவுகளுக்குக் காரணம் பிடிபடாது.

கண்காட்சிக் கூடத்தில் அதிகம் நிற்காதீர்கள்

உள்ளே நுழைந்ததும் புகைப்படங்கள், செய்தித்தாள் நறுக்குகள், குடும்ப வரலாறு வைத்த கூடம். விளக்கங்கள் பெரும்பாலும் ஸ்பானிஷில். போனில் மொழிபெயர்ப்புச் செயலியை முன்பே இறக்கிவைத்துக்கொண்டால் கேமராவைக் காட்டிப் படிக்கலாம். மூன்று படங்களை மட்டும் தேடிப் பாருங்கள்: தாம்பிகோவில் கப்பலிலிருந்து இறங்கும் படம், முயல் கூண்டுகளுக்கு முன்னால் ட்ராட்ஸ்கி, தாக்குதலுக்குப் பிறகு போலீஸ் எடுத்த படிப்பறைப் படம். கடைசிப் படத்தை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு உதவும். 15 நிமிடத்துக்கு மேல் இங்கே வேண்டாம்.

தோட்டம்

வீட்டுக்குள் போகும் முன் தோட்டத்தை ஒரு சுற்று வாருங்கள். ஓரமாக முயல், கோழிக் கூண்டுகள். வெளியே போனால் உயிருக்கு ஆபத்து என்பதால் ட்ராட்ஸ்கிக்கு நாள்தோறும் கிடைத்த உடலுழைப்பு இதுதான். வேளை தவறாமல் தானே தீவனம் வைப்பார். ஆகஸ்ட் 20 மாலை 5 மணிக்கு மேல் மெர்காதேர் வந்தபோதும் இந்தக் கூண்டுகள் அருகேதான் நின்றிருந்தார். இங்கேயிருந்து வீட்டு வாசல் எவ்வளவு தூரம் என்று நடந்து பாருங்கள். இந்த நடைதான் அவர் கடைசியாகப் படிப்பறைக்குப் போன நடை.

கள்ளிச் செடிகளும் பார்க்க வேண்டியவை. காவலர்களோடு ஊருக்கு வெளியே போகும் அரிய பயணங்களில் கள்ளிகளை வேரோடு பெயர்த்து எடுத்துவந்து நடுவது அவருக்குப் பெரும் பைத்தியம். தோட்ட ஓரத்தில் ஒரு வரிசையாக இருக்கும் சிறு அறைகள் காவலர்கள் தங்கியவை. ஷெல்டன் ஹார்ட்டுக்கு ட்ராட்ஸ்கி வைத்த நினைவுப் பலகையும் தோட்டத்தில் உண்டு. ஹார்ட்டே உள்கையாக இருந்தவர் என்று போலீஸ் சந்தேகித்தபோதும், ட்ராட்ஸ்கி அதை ஏற்காமல் வைத்த பலகை அது.

சமாதியை இப்போதைக்குக் கடந்துபோங்கள்.

படுக்கையறையும் சேவாவின் அறையும்

வீட்டுக்குள் நுழையும்போது தலையைக் குனியுங்கள். அறைகளுக்கு இடையே போட்ட கனத்த இரும்புக் கதவுகள் தாழ்வானவை, குறுகியவை, வாசல்படியும் உயரம். சற்று உயரமானவர்கள் எல்லோருமே ஒருமுறை இடித்துக்கொள்கிறார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்குத் தோட்டமும் கூடமும் வசதிப்படும், உள்ளறைகள் கஷ்டம்.

சமையலறையில் மண்சட்டிகள், சாப்பாட்டு அறையில் சாயம் பூசிய எளிய மர மேசை நாற்காலிகள். பெரிய வசதி எதுவும் கிடையாது. இதை இரண்டு நிமிடத்தில் பார்த்துவிட்டுப் படுக்கையறைக்குப் போய் நின்று நிதானியுங்கள்.

சுவரில் குண்டுத் துளைகள் அப்படியே விடப்பட்டிருக்கின்றன. எண்ணுவதில் பயனில்லை, இருநூறுக்கு மேல் சுட்டார்கள். துளைகள் எந்தெந்தச் சுவரில், எந்த உயரத்தில் என்று பாருங்கள். சுட்டது ஒரு பக்கமிருந்து மட்டுமல்ல: படிப்பறைக் கதவு வழியாக, பேரனின் அறைக் கதவு வழியாக, தோட்டத்து ஜன்னல் வழியாக என்று மூன்று பக்கமிருந்தும். நடுவில் கட்டில். அறையின் நடுவே நின்று மூன்று திசையையும் மாறி மாறிப் பார்த்தால், உயிர் தப்ப இடமே இல்லை என்றுதான் தோன்றும். தப்பியது எப்படியென்றால், நடாலியா கணவரைக் கட்டிலிலிருந்து கீழே தள்ளி, இருவரும் சுவர் மூலையில் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டார்கள். இருட்டில் சுட்டவர்கள் கட்டில் மட்டத்துக்கே சுட்டார்கள். அந்த மூலை எது என்று கட்டிலின் இருப்பை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

அடுத்தது பேரன் சேவாவின் அறை. அப்போது வயது 14. அவனும் கட்டிலுக்கு அடியில் உருண்டான். மெத்தையைத் துளைத்து வந்த குண்டு கால்விரலில் உரசிப்போனது. வந்தவர்கள் எறிந்த தீக்குண்டால் அறையில் பற்றிய நெருப்பை நடாலியா போர்வை போட்டு அணைத்தார். இந்தச் சேவாதான் பின்னாளில் எஸ்தெபான் வோல்கோவ் என்ற பெயரில் வேதியியலாளராகி, வீட்டை இடிபடாமல் காத்து, 1990 ஆகஸ்டில் அருங்காட்சியகமாகத் திறக்கக் காரணமானவர். 2023 ஜூனில், 97 வயதில் காலமானார். அறைகளில் பொருள்கள் இடம் மாறாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்: நினைவுள்ள ஒருவர் எண்பது வருடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

படிப்பறை

வாசலில் தடுப்பு இருக்கும், நின்றபடியே பார்க்க வேண்டும். வெளிச்சம் குறைவு, கண் பழக ஒரு நிமிடம் ஆகும். ஃபிளாஷ் போடாதீர்கள். மேசை மேல் தாள்கள், மூக்குக் கண்ணாடி. அலமாரியில் ரஷ்ய மொழித் தொகுதிகள். எழுதுவதை விடச் சொல்லிப் பதிவு செய்வதே அவர் பழக்கம் என்பதால், குரல் பதிவு எந்திரத்துக்கான மெழுகு உருளைகளையும் தேடிப் பாருங்கள். கடைசி மாதங்களில் எழுதிக்கொண்டிருந்தது ஸ்டாலினின் வாழ்க்கை வரலாறு. முடியாமலே நின்றது.

இப்போது மேசைக்கும் கதவுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிடுங்கள். கண்காட்சிக் கூடத்தில் பார்த்த போலீஸ் படம் இங்கே கைகொடுக்கும்.

மெர்காதேர் வீட்டுக்குள் வந்தது, ட்ராட்ஸ்கியின் ஆதரவாளரான ஓர் அமெரிக்கப் பெண்ணின் காதலன் என்ற போர்வையில். ட்ராட்ஸ்கியை முதன்முதலாக நேரில் பார்த்ததே முதல் தாக்குதல் நடந்து நாலாம் நாள். ஆகஸ்ட் 17 அன்று ஒரு கட்டுரை வரைவைக் காட்ட வந்தான். தொப்பியைக் கழற்றாமல் மேசை ஓரத்தில் உட்கார்ந்தது ட்ராட்ஸ்கிக்கே பிடிக்கவில்லை. அது ஒத்திகை. 20ஆம் தேதி வெயில் நாளில் மழைக்கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வந்தான். ஏன் என்று நடாலியா கேட்டபோது, மழை வரலாம் என்றான். தேநீர் வேண்டாம், தாகமாக இருக்கிறது, தண்ணீர் போதும் என்றான். கோட்டுக்குள் கைப்பிடியை வெட்டிச் சிறிதாக்கிய பனிக்கோடரி, ஒரு கத்தி, ஒரு துப்பாக்கி. ட்ராட்ஸ்கி கட்டுரையைப் படிக்கக் குனிந்ததும் பின்னாலிருந்து ஓங்கினான்.

அவன் கணக்கு ஒன்றில்தான் தவறியது. சத்தமில்லாமல் முடித்துவிட்டு நடந்தே வெளியேறிவிடலாம் என்று நினைத்தான். ட்ராட்ஸ்கி அலறியபடி எழுந்து, அவனைப் பிடித்து, கையைக் கடித்து, பக்கத்துச் சாப்பாட்டு அறை வாசல்வரை தானே நடந்து வந்தார். நீங்கள் சற்று முன் கடந்துவந்த அந்த வாசல்தான். திரும்பிப் பார்த்தால் தூரம் தெரியும். அந்த நேரத்தில் காவலர்கள் எங்கே இருந்தார்கள் என்றால், கூரை மேல், புதிய அபாயச் சங்குக்குக் கம்பி இணைத்துக்கொண்டு. அடுத்த தாக்குதல் வெளியிலிருந்து வரும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

பிடிபட்ட மெர்காதேரைக் காவலர்கள் அடித்தபோது, "கொல்லாதீர்கள், அவன் பேச வேண்டும்" என்று தடுத்தவரும் ட்ராட்ஸ்கிதான். மெர்காதேர் 20 வருடச் சிறைக்குப் பின் 1960இல் வெளிவந்து, சோவியத் வீரப் பட்டம் பெற்று, 1978இல் ஹவானாவில் இறந்தான்.

கோடரியைத் தேடி இங்கே சுற்றாதீர்கள். அது இருப்பது வாஷிங்டனிலுள்ள சர்வதேச உளவு அருங்காட்சியகத்தில்.

இனி சமாதி

தோட்டத்துக்குத் திரும்பினால் அரிவாள் சுத்தியல் செதுக்கிய உயரமான நடுகல். வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் ஹுவான் ஓகோர்மன். கீழே ட்ராட்ஸ்கியின் சாம்பல். 1962இல் பிரான்சில் இறந்த நடாலியாவின் சாம்பலும் அதே இடத்தில். கொடியோடு வந்து அமைதியாக நிற்கும் அரசியல் தோழர்களையும் இங்கே பார்க்கலாம், முக்கியமாக ஆகஸ்ட் 20, 21 தேதிகளில். அந்த நாள்களில் கூட்டம், நிகழ்ச்சிகள் இருக்கும். நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் தவிர்ப்பது நல்லது. அடைக்கல உரிமைக்கான நிறுவனம் ஒன்றும் இதே வளாகத்தில் இயங்குகிறது, நாடு நாடாகத் துரத்தப்பட்டவர் வீட்டுக்குப் பொருத்தமான குடித்தனம்.

பிள்ளைகளோடு வந்தால்

படுக்கையறையும் கூண்டுகளும் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பிடித்துவைக்கும். சேவாவின் கதையிலிருந்து தொடங்குங்கள். படிப்பறையில் நடந்ததை எவ்வளவு சொல்வது என்பது உங்கள் விருப்பம். சின்னக் குழந்தைகளுக்குத் தோட்டம்தான், ஆனால் கள்ளிகள் முள்ளோடு கைக்கெட்டும் உயரத்தில் இருக்கின்றன, கவனம்.

பிறகு

சாப்பாட்டுக்குக் கொயோவாகான் சந்தை, நீல வீட்டுக்கு அருகிலேயே. தோஸ்தாதா, அதாவது மொறுமொறு சோளத் தட்டையின் மேல் கறி, காய் வைத்துத் தருவது, இங்கே பேர் போனது. சைவக்காரர்கள் பூசணிப்பூ அல்லது சப்பாத்திக்கள்ளி வைத்து மடித்த சோள ரொட்டியான கெசடியாவைக் கேட்கலாம். அவரையில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்பது அவசியம். "மந்தேகா" என்ற சொல் காதில் விழுந்தால் விட்டுவிடுங்கள்.

இன்னொரு நாள் நகர மையத்தில் கழிந்தால் பெயாஸ் ஆர்தெஸ் மாளிகைக்குப் போங்கள். ரிவேரா 1934இல் வரைந்த பெரிய சுவரோவியத்தில் மார்க்ஸ், எங்கெல்சோடு ட்ராட்ஸ்கியும் நிற்கிறார், கொடியைப் பிடித்தபடி. அதே கட்டடத்தில் சிகெய்ரோஸின் சுவரோவியமும் இருக்கிறது. அடைக்கலம் வாங்கிக் கொடுத்தவரும் எந்திரத் துப்பாக்கியோடு வந்தவரும் ஒரே கூரையின் கீழ், இரண்டுக்கும் ஒரே டிக்கெட்.